இருபத்து நாலு முகப்பு

...அறியாமையால் என்று போட்டிருக்கிறார், அந்த ஒரு சொல்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, மற்றதெல்லாம் சரி, என் பேர் அம்மாசி என்பது சரி, கல்வராயன் மலையில் பிறந்தவன் என்பது சரி, இருபது வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் மரவேலை பார்க்கிறேன் என்பதும் சரி, அப்புறம்தான் வருகிறது, 'மேற்படி என் மகள் ஜீவாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அறியாமையால் எங்கள் இனத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன்'... மனு எழுதும் தீனதயாளன் நேற்று சாயங்காலம் வாசித்துக் காட்டியபோது தலையை ஆட்டிவிட்டு வந்தேன், ஆட்டியிருக்கக் கூடாதோ, காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது, சட்டை ஆணியில் தொங்குகிறது, பதினோரு மணிக்கு ஆபீசர் முன்னால் நின்று இது நான் சொன்னதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஜீவாவுக்கு மலையாளி என்று எங்கள் மலைச்சனத்தின் பேரில் சாதிச் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் மலைச்சனத்துக்கு ஒதுக்கிய இடத்தில் வாத்தியார் பயிற்சிக்குச் சேரலாம், நாளை மறுநாளோடு விண்ணப்பம் முடிகிறது, இல்லையென்றால் அவள் வாங்கிய மார்க்குக்கு... சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். மணி எட்டு, இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இந்த அச்சை முடித்து நாலு முகப்பாவது மாட்டிவிட்டால் தைலம்மாளுக்குப் பதில் சொல்லலாம். கை வேலையில் இருந்தால் மனசு அடங்கும் என்றுதான் பொழுது விடிந்ததும் பட்டறையைத் திறந்தேன், எங்கே அடங்குகிறது.

தைலம்மாளுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாட்டு மருந்துக் கடை, புதிதாக ஒரு அலமாரி கேட்டிருக்கிறார், ஆறுக்கு நாலு, இருபத்து நாலு டிராயர், ஒன்றில் கடுக்காய், ஒன்றில் சுக்கு, திப்பிலி, வசம்பு, ஜாதிக்காய், ஒவ்வொன்றின் முகப்பிலும் பேர் எழுதின தகடு. டிராயர் பெட்டிகளைப் போன வாரமே செய்து அலமாரிக்குள் தள்ளிவிட்டேன், பெட்டி வேப்பம்பலகை, முகப்பு மட்டும் தேக்கு, வெளியே தெரிவது தேக்காக இருந்தால் போதும், உள்ளே எதுவாக இருந்தால் யாருக்கு என்ன. பெட்டிக்கு உள்ளேயிருந்து இரண்டு திருகாணி முடுக்கினால் அது முகப்பின் முதுகில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், வெளியே ஆணித்தலை தெரியாது, அதெல்லாம் பழகின வேலைதான், ஆனால் அந்த அம்மா போட்ட நிபந்தனை இருக்கிறதே, "எந்த முகப்ப எடுத்து எதுல மாட்டினாலும் உக்காரணும் அம்மாசி, இன்னிக்கி கடுக்கா ஜாஸ்தி வருது, நாளைக்கி கம்மியாப் பூடும், நான் பேர மாத்திக்கினே இருப்பேன்." ஒன்றொன்றாக அளந்து துளை போட்டால் இருபத்து நாலும் இருபத்து நாலு தினுசாகும், மனுஷக் கை அப்படித்தான், அதனால்தான் இந்த அச்சு. முகப்பின் அகலத்துக்கே ஒரு கட்டை, அதில் நேராக இரண்டு துளை, கட்டையின் ஒரு ஓரத்தில் ஒரு பட்டை, பட்டையை முகப்பின் மேல் ஓரத்தில் இடித்து வைத்தால் துளை வர வேண்டிய இடத்தில் வந்துவிடும், அளக்கவே வேண்டாம், கைப்பர்மாவை அந்தத் துளைக்குள் விட்டுச் சுற்றினால் ஆயிற்று. முதல் தடவை சரியாகச் செய்தால் போதும், அதற்கப்புறம் யோசிக்கிற வேலையே இல்லை.

கட்டைக்குப் புளியமரம் எடுத்தேன், துளை தேயாமல் இருக்கக் கெட்டி மரம் வேண்டும், உளியடிக்கக் கொட்டாப்புளி செய்யலாம் என்று மூலையில் போட்டு வைத்திருந்த வைரக்கட்டை, கொட்டாப்புளிக்கு என்ன அவசரம்... அது எந்த மரம் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எத்தனை நாள் மூலையில் போட்டு வைத்திருந்தேன். போன புரட்டாசியில் ஏழு நாள் சாலை மறியல், சமவெளிக் கவுண்டர்கள் இட ஒதுக்கீடு கேட்டு, வழியெல்லாம் மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள், பஸ் கிடையாது, லாரி கிடையாது, நான் தியாகதுருகத்தில் ஒரு வீட்டுக் கதவு வேலைக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் நடந்தே வந்துவிடலாம் என்று கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன், பாதி வழியில் இருபது முப்பது பேர், ஒரு பெரிய புளியமரத்தின் அடியில், கையில் நீள ரம்பம், அதில் பல்லே இல்லை, அறுக்கிறார்கள் அறுக்கிறார்கள் மரம் சிரிக்கிறது. என்னைப் பார்த்து ஒருவன் வந்து நடுவில் நின்றான், "எங்க போற, இன்னா ஆளு நீ?" என்றான், அந்த ஏழு நாளும் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்ட கேள்வி அதுதான், டீக்கடையில் கூட யார் எந்த ஆள் என்று பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் நிற்கக்கூட இல்லை, "கவுண்டருங்க" என்றேன். "அட நம்மாளு, வாங்க, பைய இப்டி வைங்க" என்று அவன் தோளில் கை போட்டான்.

அந்தக் கை... அதைச் சொல்ல வேண்டும், பயந்து போய்ச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பயம் இல்லை, சந்தோஷமாக இருந்தது. அரத்தை எடுத்து அவர்கள் ரம்பத்துக்குப் பல் வைத்துக் கொடுத்தேன், எந்தப் பக்கம் முதலில் வாய் வெட்டினால் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழும் என்று காட்டினேன், ஒரு முனையை நானே பிடித்து இழுத்தேன், மரம் சொன்ன இடத்தில் விழுந்தது, விழுந்ததும் கத்தினார்கள், நானும் கத்தினேன். இலையில் எலுமிச்சஞ்சோறு கொடுத்தார்கள், ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்றோம், அவர்கள் வீட்டிலும் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவன் பி.ஏ. முடித்துக் கரும்பு வெட்டப் போகிறானாம், அவன் கேட்பதில் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன். ஆனால் என் பங்கு எங்கே இருந்தது, ஜீவாவுக்கென்று சர்க்காரே எழுதி வைத்திருந்த பங்கை நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே வாயால் விட்டுவிட்டு, இன்னொருத்தர் பங்குக்காக வியர்வை சிந்தி மரம் அறுத்துக்கொண்டிருந்தேன், அப்போது அது தெரியவில்லை, தெரிந்திருந்தால் மட்டும் என்ன, அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துப் போட்டிருப்பேனா. மறியல் முடிந்து மரங்களைத் துண்டு போட்டு அப்புறப்படுத்தினபோது விறகுக்கடையில் இந்தத் துண்டு கண்ணில் பட்டது, ரம்பம் போன வரி முகத்திலேயே இருந்தது, நான் வைத்த பல் எனக்குத் தெரியாதா. இழைப்புளியால் நாலு தள்ளு தள்ளினதும் அந்த வரி போய்விட்டது, மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, இரண்டு துளையும் போட்டு, ஓரத்தில் பட்டையையும் ஆணி அடித்துவிட்டேன்.

சரி, முகப்புகளை அடுக்கிக்கொள்வோம், முதுகு மேலே பார்க்க, பட்டையை மேல் ஓரத்தில் இடி, அழுத்திப் பிடி, பர்மாவைச் சுற்று, தேக்கு சுருள் சுருளாக வருகிறது, வாசனை நன்றாக இருக்கிறது, ஒன்று ஆயிற்று... வாத்தியாரும் அப்படித்தான் சுற்றிச் சுற்றி எழுதினார், மசியில் தொட்டுத் தொட்டு, எழுபத்தாறாம் வருஷம், ஆனி மாசம்தான் அதுவும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசை, ஜீவா என் விரலைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, எனக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் மகனைச் சேர்க்க நின்றார், வாத்தியார் "என்ன வகுப்பு?" என்றார், அவர் "கவுண்டர்" என்றார், வாத்தியார் தலையைத் தூக்கிப் பார்த்து "உக்காருங்க, நிக்கிறீங்களே" என்று பெஞ்சைக் காட்டினார். அடுத்தது நான். மலையாளி என்று வாய்வரை வந்தது, வந்ததும் மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, "மலையாளியா, கேரளாவா நீ, எங்க மலையாளத்துல ரெண்டு வார்த்த பேசு பாப்போம்" என்று அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது, மலையில் இருக்கிறவன் மலையாளி என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தது, அப்புறம் ஒரு வருஷம் என்னை 'சேட்டா' என்றே கூப்பிட்டது. ஜீவாவைச் சுற்றி அப்படிப் பிள்ளைகள் நின்றால்... வாத்தியார் கேட்டார், நான் "கவுண்டருங்க" என்றேன்.

முழுப் பொய்யா அது, மலையில் எங்களுக்குள் கவுண்டர் என்றுதான் சொல்லிக்கொள்வோம், ஊர்த் தலைவனுக்கு ஊர்க்கவுண்டன் என்றுதான் பேர், என் அப்பன் பேருக்குப் பின்னாலும் அதுதான் இருந்தது, ஆகவே பொய் இல்லை, வாத்தியார் எந்தக் கவுண்டர் என்று கேட்கவில்லை, கேட்காததற்கு நான் என்ன செய்வது... பாரு, இப்படித்தான் பன்னிரண்டு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் எந்தக் கவுண்டர் என்று நினைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன், சொல்லிவிட்டு அவர் காட்டின பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற என் பெண்சாதி சின்னப்பொண்ணுவிடம் வந்து சொன்னதும் அவள் முன்னால் நடந்துவிட்டாள், மூன்றாம் நாள் சோறு போடும்போது, "எங்கப்பன் ஆத்தாளயும் மாத்திட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அஞ்சு... ஆறு... இது ஏழாவது முகப்பு, கை தானாகப் போகிறது, பட்டையை இடி, அழுத்து, சுற்று. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து அஞ்சாம் வகுப்பில் எழுதினார்கள், அதைப் பார்த்து ஹைஸ்கூலில் எழுதினார்கள், அதைப் பார்த்துப் பத்தாவது புத்தகத்தில் அச்சடித்தார்கள், யாரும் மறுபடி என்னிடம் வந்து கேட்கவில்லை, ஒரு தரம் கூட. போன வாரம் சான்றிதழுக்குப் போன ஜீவா திரும்பி வந்து, "அப்பா, ஸ்கூல் சர்டிபிகேட்ல நம்மள வேற ஆளுனு போட்டுக்கீது, யாரு இப்டி எழுதனது?" என்று கேட்டாள், அப்போதாவது சொன்னேனா, "வாத்தியாரு தப்பா எழுதிட்டாரும்மா" என்றேன். அந்த மனுஷன் செத்து நாலு வருஷம் ஆகிறது, உட்காரச் சொல்லிப் பெஞ்சு காட்டின மனுஷன்.

ஒன்பது முடிந்தது, ஒன்றை மாட்டிப் பார்ப்போம். பெட்டியில் வைத்து உள்ளேயிருந்து திருகாணியை முடுக்கினேன், கவ்விக்கொண்டது, தள்ளினேன்... முட்டுகிறது. மேலே குறுக்குச் சட்டத்தில் போய் இடித்துக்கொண்டு பாதியில் நிற்கிறது, கீழே அரை அங்குலத்துக்குச் சந்து, வேப்பம்பலகை பல்லைக் காட்டுகிறது. இன்னொன்றை மாட்டினேன், அதுவும் அப்படியே, அதே அரை அங்குலம், பிசகாமல். அச்சைத் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, முகப்பு பெட்டியைவிடக் கீழே கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், அதனால் துளை மேல் ஓரத்துக்குக் கிட்டே, கீழ் ஓரத்துக்கு எட்ட, நான் பட்டையை எட்ட இருக்கிற ஓரத்தில் அடித்து வைத்திருக்கிறேன், மேல் எது கீழ் எது என்று கட்டையில் எழுதாமல் விட்டுவிட்டு. கற்றுக்குட்டி கூடச் செய்ய மாட்டான். அச்சின் மேல் என்ன தப்பு, நான் என்ன சொன்னேனோ அதையே ஒன்பது தடவை சொல்லியிருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன், மரத்தூள் மேலேயே.

அப்போதுதான் தைலம்மாள் வந்தார், குடையை வாசலில் சாத்திவிட்டு, "இன்னா அம்மாசி, இழவு வூட்டுல குந்தினா மாதிரி குந்திக்கீற?" என்றார். முகப்பைக் காட்டினேன், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "முதுவுதான, யாரு பாக்கப் போறா, அடச்சிட்டு வேற துள போடு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார், அவருக்குப் பெட்டி மூடினால் போதும். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டே, "உன் தம்பி நேத்து மலையிலேர்ந்து ரெண்டு மூட்ட கடுக்கா எறக்கினான், அண்ணன் வூட்டுக்கு வரலியானு கேட்டா, அண்ணனுக்குத்தான் நாங்க வந்தா ஒரு மாதிரியாயிடுதேனு சொல்றான், இன்னாத்துக்கு அப்டி?" என்றார். தம்பி என்று இவருக்கு எப்படித் தெரியும், நான் சொன்னதில்லை, மலைப்பக்கத்து ஆட்கள் பட்டறைக்கு வந்தால் மரம் விற்க வந்தவர்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். "உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்று கேட்டேன். "இன்னாது தெரியும்?" "நான்... நாங்க மலைக்காரங்கன்னு." அந்த அம்மா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், கேலியாகக் கூட இல்லை, புரியாமல் பார்த்தார். "இது ஒரு கேள்வியா? ஊருக்கே தெரியுமே. உன் பேச்சு ஒண்ணு போதாதா? பொன்னுரங்கம் உனக்கு இந்தப் பட்டறைய வுடும்போதே எங்கடையில வந்து சொன்னாரே, மலையாளு, வேல சுத்தம், நம்பி வுடலாம்னு."

பொன்னுரங்கம்... பட்டறைக்கும் பின்னாலிருக்கிற வீட்டுக்கும் சொந்தக்காரர், சமவெளிக் கவுண்டர், பத்து வருஷமாக அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நடுக்கம், இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அவருக்குத் தெரிந்துவிடுமே, ஏமாற்றிவிட்டாயே என்பாரே, காலி பண்ணச் சொன்னால் பட்டறையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று ராத்திரியெல்லாம் புரண்டேன், அவருக்கோ முதல் நாளே தெரியும். அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தபோது தெரிந்தேதான் வைத்தாரா, நான் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து மனசுக்குள் என்ன நினைத்திருப்பார், ஐயோ, பந்தியில் நான் சம்பந்தமே இல்லாமல் சொந்தம் விசாரித்தேனே. டீக்கடைக்காரனுக்குத் தெரியும், மில்லில் தெரியும், எல்லாருக்கும் தெரியும். தம்பியை வாசலோடு அனுப்பினது, அம்மா செத்தபோது மலைக்குப் போய் ஒரே நாளில் திரும்பி வந்து உடம்பு சரியில்லை என்று சொன்னது, ஜீவாவை மலைப்பேச்சு பேசாதே என்று வாயில் அடித்தது, எல்லாம் யாருக்காக. நான் சொன்னதை நம்பினது அந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றுதான். தைலம்மாள் எப்போது குடையை எடுத்துக்கொண்டு போனார் என்று கூடத் தெரியவில்லை, "வெள்ளிக்கெழம வேணும்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது, அடைக்கிற வேலையையாவது ஆரம்பிப்போம். புளியங்குச்சியை உருட்டி முளை சீவினேன், வச்சிரம் தடவித் தப்பான துளைக்குள் அடித்து, மிச்சத்தை அறுத்து, உளியால் மட்டமாக்கினேன், தேக்கில் புளி, நிறம் வேறு, தொட்டால் தெரியாது, பார்த்தால் தெரியும். பட்டையைப் பிடுங்கி எதிர் ஓரத்தில் அடித்தேன், இந்தத் தடவை 'மேல்' என்று பென்சிலால் பெரிதாக எழுதினேன், மறுபடி பர்மா. தீனதயாளனும் அதைத்தான் சொன்னார், பழைய எழுத்தை அழிக்க மாட்டாங்க, சிவப்பு மசியில கோடு போட்டு மேல எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க, அடியில பழசு தெரிஞ்சிக்கினுதான் இருக்கும் என்று. அப்போது நான் அவரிடம் கேட்டேன், அறியாமையால்னு போட வேணாங்க, வேற எதாச்சும் போடுங்க என்று, அவர் பேனாவை வைத்துவிட்டு, "வேற இன்னா போடறது, தெரிஞ்சே சொன்னேன்னு போடட்டுமா? அப்பறம் ஏன் சொன்னேனு கேப்பாங்க, நீ அதுக்கு ஒரு பதில் சொல்லணும், அது எழுதற மாதிரியா இருக்கும்?" என்றார். எழுதுகிற மாதிரி இருக்காதுதான். ஒரு பெஞ்சு, கொஞ்சம் சிரிப்பு, ஒரு சடை, இதையெல்லாம் முத்திரைத்தாளில் எப்படி எழுதுவது. ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யில் கையெழுத்து, அதுவும் நல்ல பொய், எல்லாருக்கும் சௌகரியமான பொய்.

ஜீவா வந்துவிட்டாள், பாவாடை தாவணியை இஸ்திரி போட்டுக் கட்டியிருக்கிறாள், கையில் ஃபைல், "கெளம்பலாம்ப்பா, நேரமாவுது" என்று ஆணியிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள், காகிதம் விழுந்தது, நான் குனிவதற்குள் எடுத்துப் பிரித்துவிட்டாள். வாசிக்கும்போது உதடு அசையாது அவளுக்கு, கண் மட்டும் போகும், அந்தக் கண் எந்த வரியில் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு இடத்தில் நின்றது. "நீதான் சொன்னியா?" என்றாள். "ஆமாம்மா." "வாத்தியாருன்னியே." நான் பர்மாவைக் கீழே வைத்தேன். "தெரியாமயா சொன்ன?" பொய் சொல்லலாம், காகிதமே எனக்காகச் சொல்கிறது, ஒரு தலையாட்டல் போதும், ஆனால் முடியவில்லை, "தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து முகப்பைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன், வெட்கமாக இருந்தது, அவள் பிறந்ததிலிருந்து அவள் முன்னால் நான் இப்படி வெட்கப்பட்டதில்லை. அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். அடைத்த துளையை விரலால் தடவினாள், "மலையில நம்ம ஆயி செத்தப்ப நானும் வரேன்னு அழுதேன், கூட்டிக்கினு போவல நீ" என்றாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டேன், பொத்தான் மாறிப் போட்டிருக்கிறேன் என்று அவள்தான் சரி பண்ணினாள், பிறகு தள்ளி நின்று, "ஆபீசர் நேருக்கு நேரா கேப்பாரு, பயந்துக்காத, ஒரு வாட்டி சொல்லிப் பாத்துக்கோ" என்றாள். ஃபைலை மார்போடு அணைத்து நிமிர்ந்து நின்று, குரலைக் கனமாக்கிக்கொண்டு, நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளைக் கேட்கப்போகிறவள் மாதிரியே கேட்டாள், "சொல்லுங்க, நீங்க என்ன இனம்?"

"கவுண்டருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தெரிந்து சொன்னேன், புளியமரத்தடியில் தெரிந்து சொன்னேன், இப்போது சத்தியமாகத் தெரிந்து சொல்லவில்லை, அது தானாக வந்தது... அப்படியானால் காகிதத்தில் இருப்பது சரிதானோ, அறியாமையால் என்ற சொல்லுக்கு நான் இன்றைக்குத்தான் தகுதியானேனோ. ஜீவா சிரிக்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்றாள்.